எரிமலைக்கு ஒரு வாஷிங் மெஷின்

டிஸ்க் காலியாக இருந்தது. ஒலிப்பதிவாளர் அதைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். இப்போது சுத்தமான காலியாக இருந்தது.

'எரிமலை' என்ற ஹார்டு ராக் குழு வாரக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தி, விரல் தேயக் கம்பியை இழுத்துப் பதிவு செய்த முதல் ஆல்பம் அதில்தான் இருந்தது. அல்லது, இருந்திருக்க வேண்டும்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"இருமல் மருந்து விளம்பரத்துக்கு இடம் வேணும்னு சனிக்கிழமை பழைய டிஸ்க் சிலதை அழிச்சேன்ல? அதோட சேத்து இதையும் அழிச்சுத் தொலைச்சுட்டேன்."

"பாத்து அழிக்க மாட்டீங்களா?"

"பாத்துதான் அழிச்சேன். எதைப் பாத்தேன்னுதான் தெரியல."

"அவங்ககிட்ட சொல்லிடுங்க. திரும்ப வந்து கத்திட்டுப் போகட்டும்."

அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். இத்தனை வருடமாக அவர் பதிவு செய்ததெல்லாம் மருந்து விளம்பரமும், பள்ளிக்கூட விளையாட்டு விழாவும், லிஃப்டுக்குள் 'கதவு மூடுகிறது' என்று சொல்லும் குரலும்தான். இந்த எரிமலைப் பையன்கள்தான் முதல்முறையாக, "மாஸ்டர், ஆல்பம் அட்டையில உங்க பேரும் வரும்" என்று சொன்னார்கள். அன்று ராத்திரி அவருக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. பதிவு முடிந்த வெள்ளிக்கிழமை, "நாங்க ஒரு தடவ முழுசா போட்டுக் கேட்டுட்டுப் பூட்டிக்கிறோம்" என்றபோது ஸ்டூடியோவையே அவர்களிடம் விட்டுவிட்டு வந்தார். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்ததால், அதுவரை யாருமே ஆல்பத்தைச் சேர்த்துக் கேட்டதில்லை. இனி அவர் கேட்கவும் வழியில்லை. அழித்தவன் பெயரை யார் அட்டையில் போடுவார்கள்?

"வர்ற வெள்ளிக்கிழமை கேக்க வராங்க. அதுக்குள்ள ஏதாவது பண்ணிடறேன்" என்றார்.

"என்னத்தப் பண்ணுவீங்க?"

அதுதான் அவருக்கும் தெரியவில்லை.

தேடியதில் அவருடைய போனில் கொஞ்சம் கிடைத்தது. பாடகன் மைக்கைச் சோதிக்க "ஹலோ, ஹலோ" என்றது, கிட்டார்காரன் சுருதி சேர்த்தது, பேஸ் கிட்டார் வாசிக்கும் சாமியார் ஒருமுறை இருமியது. சாமியார் என்பது பட்டப்பெயர். அந்தப் பையன் வாயைத் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை.

அவர் அந்த ஹலோவை இழுத்தார், முறுக்கினார், உறுமலாக்கினார். கேட்க மோசமில்லை. ஆனால் டிரம்ஸ் வேண்டுமே? பழைய வாஷிங் மெஷின் விளம்பரம் ஒன்று இருந்தது. மெஷினுக்குள் பெல்ட்டோடு பேன்ட்டைப் போட்டால் வரும் அந்த 'தடக் தடக்' அருமையாகப் பொருந்தியது. துணி பிழியும் கட்டம் வந்ததும் மெஷின் வேகமெடுத்து ஓடிவிட்டது, ஹலோ பின்னால் மூச்சிரைக்க வந்தது.

இரண்டையும் கட்டி நிறுத்தப் பள்ளிக்கூட பேண்டு வாத்திய அணிவகுப்பைச் சேர்த்தார். வேகம் நின்றது, சுருதி போயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் எக்காளம் ஒரு பக்கம், கிட்டார் இன்னொரு பக்கம் என்று நின்று சண்டை போட்டன. சண்டை வெளியே தெரியாமலிருக்க மழலைப் பாட்டுக் கோரஸைப் போட்டு மூடினார். இப்போது எரிமலையின் நடுவில் நாற்பது குழந்தைகள் அணிலைப் பற்றிப் பாடினார்கள். குழந்தைகளை அடக்க, இருமல் மருந்து விளம்பரத்துக்காக மனைவி முணுமுணுத்த தாலாட்டை எடுத்தார்.

மனைவி ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள். "ராக் மட்டும்தான் இன்னும் வரல."

வெள்ளிக்கிழமை நால்வரும் வந்து சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எல்லார் முகத்திலும் ஈயாடவில்லை. ஒலிப்பதிவாளர் கடவுளை வேண்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

மெஷின் சுழன்றது, எக்காளம் அலறியது, அணில் வந்தது, தாலாட்டு முடிந்தது. பாடகன் கிட்டார்காரனைப் பார்த்தான். கிட்டார்காரன் டிரம்ஸ்காரனைப் பார்த்தான். டிரம்ஸ்காரன் கூரையைப் பார்த்தான்.

"மாஸ்டர்," என்று பாடகன் இழுத்தான், "இது... நாங்க வாசிச்சதா?"

"நீங்க வாசிச்சதேதான்! நான் லேசா மெருகு போட்டேன், அவ்வளவுதான்."

"டிஸ்க்ல எல்லாம் பத்திரமா இருந்துச்சா? எதுவும் குறையலயே?"

"எப்படிக் குறையும்?" என்றார் அவர்.

நால்வரும் மறுபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திடீரென்று டிரம்ஸ்காரன் தொடையில் தட்டினான்.

"ஆமா! அந்த அடி என்னோடதுதான். அன்னிக்கு அப்படித்தான் அடிச்சேன்!"

"அந்த உறுமலும் நான்தான்" என்றான் பாடகன் அவசரமாக. "குழந்தைங்க சத்தம்கூட... என் குரல்தான். அடித்தொண்டையிலேர்ந்து வந்தது."

ஒலிப்பதிவாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெயர் வரும் என்றால் மனிதனுக்குக் காது கேட்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சாமியார் மட்டும் அவரையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆல்பம் வெளியானது. வானொலியில் ஒருவர், "ஹார்டு ராக்கையும் தாலாட்டையும் அணிவகுப்பையும் ஒரே உலையில் போட்டு உருக்கிய துணிச்சல்" என்றார். இன்னொருவர், துணி பிழிவது போன்ற அந்தத் தாளம் நவீன வாழ்க்கையின் வலி என்று எழுதினார். பிள்ளைகள் தெருவில் அணில் பாட்டை உறுமிக்கொண்டு போனார்கள்.

அடுத்த தலைவலி தானாக வந்தது. பெரிய அரங்கில் நேரடியாக வாசிக்கக் கூப்பிட்டார்கள். வாசிக்காததை எப்படி வாசிப்பார்கள்? மானம் கப்பலேறப் போகிறது என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒலிப்பதிவாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது. டிரம்ஸ்காரன் ஆரம்பித்தான். ஊறவைத்தான், அலசினான், பிழிந்தான். ஒரு 'தடக்'கூடத் தப்பவில்லை. பாடகனின் ஹலோவுக்கு அரங்கமே ஹலோ சொன்னது. தாலாட்டு வந்தபோது தாடி வைத்த முரடர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"என்னங்க, நான் பாடினதுங்க!" என்று மனைவி எழுந்து நின்று கத்தினாள்.

"மாஸ்டர், மேல வாங்க!" என்று பாடகன் கூப்பிட்டான். கூட்டம் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தியது. மேடையில் நின்று அதைக் கேட்டபோது அவர் அழுதேவிட்டார். வாழ்க்கையில் இதைவிடப் பெரிதாக அவர் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

மேடைக்குப் பின்னால் வந்ததும் மனசு உறுத்தியது. சாமியாரைத் தனியாக இழுத்தார். எப்படியும் இவன் வெளியே சொல்ல மாட்டான்.

"தம்பி, அந்த டிஸ்க் விஷயமா ஒரு உண்மை..."

சாமியார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினான். முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"அதை நீங்க அழிக்கல மாஸ்டர், அன்னிக்கு சேத்துப் போட்டுக் கேட்டப்ப சகிக்கல, நாங்கதான் அழிச்சுட்டு ஓடிட்டோம்."