ஓக்பரிக்கு வைத்த நேர்த்தி

மார்கழி முடிகிறபோது ஓக்பரி கடைசியிலிருந்து இரண்டாவது இடத்தில் நின்றது. நாரந்தனைச் சண்முகரத்தினத்தாருக்குச் சோறு இறங்கவில்லை.

ஓக்பரி இங்கிலாந்தில் முதற்பிரிவில் ஆடுகிற ஒரு உதைபந்தாட்டக் கழகம். அந்த ஊரை அவர் கண்டதில்லை. அந்த ஊராரும் நாரந்தனையைக் கண்டதில்லை. எழுபதாம் ஆண்டு றேடியோ வாங்கிய கிழமை, முதன்முதலாகக் கேட்ட ஆட்டத்தில் ஓக்பரி ஐந்து கோல் அடித்து வென்றது. மனுசன் அன்றைக்கே அதற்குத் தாலி கட்டிவிட்டார். அன்று தொடக்கம் அது அவரை அழவைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆவணியில் தொடங்கினால் சித்திரை வரைக்கும் சனிக்கிழமை தோறும் ஆட்டம். சனி தோற்றால் ஞாயிறு முழுக்க அவர் வீடு செத்தவீடு. தோட்டத்துப் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கமாட்டார். கேட்டதற்கு மறுமொழி சொல்லமாட்டார். பெண்சாதி திரிபுரசுந்தரி பார்த்துப் பார்த்து ஆக்கிய சோறும் கறியும் மாட்டுக்குப் போகும். கலியாணம் கட்டி வந்த வீட்டில், முகம் தெரியாத பதினொரு வெள்ளைக்காரருக்காக அவள் எத்தனை ஞாயிறுதான் துக்கம் காப்பாள்?

சண்முகரத்தினத்தார் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமையில் விளையாடுகிறவர்களைச் சனி பிடிக்காமல் வேறு ஆர் பிடிப்பது? கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்தார். அருச்சனைத் தட்டத்தையும் நீட்டினார்.

"ஆற்றை பேருக்கு?" என்றார் ஐயர்.

"ஓக்பரி."

"நட்சத்திரம்?"

மனுசன் முழித்தார். முழித்துவிட்டுத் தன்னுடைய நட்சத்திரத்தையே சொல்லிவைத்தார். அடுத்த ஆட்டத்தில் ஓக்பரி ஆறு கோல் வாங்கிக் கட்டியது. அவருக்கும் காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் விட்டதும், பெண்சாதி சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் போய் நின்றார்.

"இஞ்சாரும், நீர்தான் காப்பாத்தவேணும்."

"ஆரை?"

"ஓக்பரியை. நீர் நேர்த்தி வைச்சால் பலிக்கும். மன்னாரிலை கிளாக்கராய்க் கிடந்த எனக்கு ஊர்காவற்றுறைக்கு மாற்றம் கிடைச்சதே உம்மடை நேர்த்தியாலையெல்லோ!"

"இப்ப அவங்களுக்கு என்ன வந்திட்டுது?"

"கடைசி மூண்டுக்குள்ளை நிண்டால் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிப்போடுவாங்கள்."

"தள்ளட்டுமன். அங்கையும் பந்து உருளுந்தானே?"

"உருளும். ஆனால் றேடியோவிலை வர்ணனை போடாங்கள். முடிவை மட்டும் ஒரு மூச்சிலை வாசிச்சுப்போட்டு விட்டிடுவாங்கள். சனிக்கிழமையிலை பிறகு நான் என்னத்தைக் கேக்கிறது?"

திரிபுரசுந்தரி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்பிடியோ?"

"ஓமப்பா."

"சரி, நயினாதீவு அம்மாளுக்கு நேர்த்தி வைக்கிறன். என்னத்தைக் கேட்டனான், என்னத்தைக் குடுக்கிறனெண்டு நீங்கள் கேக்கப்படாது. நேர்த்தியை வெளியிலை சொன்னால் பலிக்காது. பலிச்சுதெண்டால், மறுபேச்சில்லாமல் கொண்டுபோய்க் குடுக்கிறது நீங்கள்."

"தலையையும் குடுக்கிறன்!"

"அது ஆருக்கு வேணும்?"

மாசியில் ஓக்பரி இரண்டு ஆட்டம் வென்றது. சண்முகரத்தினத்தார் பெண்சாதியைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. பங்குனியில் பழையபடி குப்புற விழுந்தது. சித்திரையில் கடைசி ஆட்டம் ஒன்றுதான் மிச்சம். வென்றால் தப்பலாம். தோற்றால் கீழே.

அந்த வெள்ளிக்கிழமை, கந்தோர் வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் பக்கத்து வளவு அம்பலவாணர் வந்து ஒட்டிக்கொண்டார்.

"அண்ணை, றேடியோவை விக்கப் போறியளோ?"

"ஆர் சொன்னது?"

"இல்லை, உங்கட மனிசி போன கிழமை நயினாதீவு மடத்திலை றேடியோ இருக்கோ, குடுத்தால் எடுப்பினமோ எண்டு விசாரிச்சவவாம்."

சண்முகரத்தினத்தாருக்கு விளங்கிவிட்டது. நேர்த்திப் பொருள் றேடியோ! வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம். இது போனால் இந்தப் பிறப்பில் இன்னொன்று கிடையாது. ஓக்பரி வென்றால் றேடியோ போகும். றேடியோ போனால் ஓக்பரி வென்றென்ன, தோற்றென்ன? றேடியோ மிஞ்சினால் வேறொரு கழகத்தையாவது பிடித்துக்கொள்ளலாம். இப்படி நினைத்த தன்னை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே, சனிக்கிழமை விடிய எழும்பிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனார்.

"பிள்ளையாரே, ஓக்பரி தோக்கவேணும்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தேங்காயை அடித்தார். தேங்காய் என்னவோ நேர்பாதியாக உடைந்தது.

அன்று இரவு அவர் றேடியோவின் பக்கமே போகவில்லை. தான் காட்டிக்கொடுத்தவர்கள் ஓடுகிற சத்தத்தை எந்தக் காதால் கேட்பது? ஞாயிறு காலைச் செய்தியில்தான் முடிவு தெரிந்தது. நாலுக்குப் பூச்சியம். ஓக்பரி கீழே போய்விட்டது. சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் உண்மையாகவே அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக் குசினிக்குப் போனார்.

"இஞ்சாரும், ஓக்பரி கீழை போட்டுது. உம்மடை நேர்த்தி இந்த முறை பலிக்கேல்லை. றேடியோ இருந்த இடத்திலை இருக்கும்."

"றேடியோ எண்டு ஆர் சொன்னது?"

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ? அதுதான் நேற்று விடியவே போய், அவங்கள் தோக்கவேணுமெண்டு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சனான். எப்பிடி என்ரை மூளை?"

திரிபுரசுந்தரி உள்ளே போய், றேடியோவைத் தோய்த்த வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"வெளிக்கிடுங்கோ. பிந்தினால் நயினாதீவு வள்ளம் போயிடும்."

"என்னத்துக்கு? அவங்கள்தான் தோத்திட்டாங்களே!"

"அவங்கள் கீழை போகவேணுமெண்டுதானே நான் அம்மாளிட்டைக் கேட்டனான்."

சண்முகரத்தினத்தார் றேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"தனிய என்ரை கும்பிடு போதுமோ எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்," என்றாள் திரிபுரசுந்தரி. "நல்லகாலம், நீங்களும் ஒரு தேங்காய் உடைச்சியள்."