வேனில் நடந்த கமலா கேஸ்

இல்லாத ஒருத்தி செத்ததற்கு மாதக்கணக்கில் விசாரணை நடத்திய டிரைவர் திருப்பூரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். எங்கள் பனியன் கம்பெனி வேனை ஓட்டியவர். எதைச் சொன்னாலும் மடக்கிக் கேட்பார் என்பதால் எங்களுக்கு அவர் வக்கீலண்ணன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஒரு டிவி சீரியலில் கமலா என்ற மருமகள் தற்கொலை செய்துகொண்டாள். ஊரே அழுதுவிட்டு மறுநாள் மறந்தது. இவர் மறக்கவில்லை. அவிநாசிபாளையத்தில் வேன் கிளம்பியதும் கேஸ் ஆரம்பமாகிவிடும்.

“மாமியார் கொடுமைதானுங்க,” என்பார் கட்டிங் மாஸ்டர்.

“அந்தம்மா முதல் நாள்ல இருந்தே அப்பிடித்தானுங்க. அன்னிக்கு மட்டும் என்னங்க புதுசா?”

“அப்ப தலையெழுத்துங்க.”

“எழுதுனவன் டைரக்டருங்க, அவனை உடுங்க. அந்தப் புள்ள மனசுல என்ன ஓடுச்சு? அதைச் சொல்லுங்க!”

புருஷன் மேல் கோபம், அவனைத் தண்டிக்கத்தான் செத்தாள் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

“கோவமிருந்தா சண்டை போட்டிருப்பாளுங்க. பாத்திரமெல்லாம் கழுவி வெச்சுட்டுல்ல போனா!” என்று இரண்டு கைகளையும் தூக்கித் தள்ளுபடி செய்தார். எதிரே லாரி வந்துகொண்டிருந்தது. கமலாவோடு நாங்களும் போய்ச் சேரவேண்டியது.

ஒருநாள் பின் சீட்டிலிருந்து செல்வி பேசினாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், டெய்லர். புருஷன் விட்டுப்போனதிலிருந்து வாயே திறக்காதவள்.

“கஷ்டத்துக்காவ இல்ல அண்ணாச்சி. நாம இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதின்னு அவளுக்குத் தோணிட்டு.”

வேன் ஓரங்கட்டி நின்றது. “கம்பெனி கேட்டைச் சாத்திருவாங்க, வண்டியெடுங்க!” என்று மாஸ்டர் கத்தினார். வக்கீலண்ணன் காதில் வாங்காமல் பின்னால் வந்து அவள் பக்கத்தில் குந்தினார்.

“உனக்கும் அப்பிடித் தோணுதா, கண்ணு?”

இப்படியா முகத்துக்கு நேரே கேட்பது? கேட்டே காரியத்தைக் கெடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“ஆமா,” என்றாள் கடைசியில்.

“சொன்னயே சாமி, அது போதும்.”

வேன் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது. மாஸ்டர் உட்பட யாரும் நடுவில் இறங்கவில்லை. கம்பெனியில் கேட்டபோது, வண்டி மக்கர் பண்ணிவிட்டது என்று அத்தனை பேரும் ஒரே வாயாகப் புளுகினோம்.

டாக்டர், மாத்திரை என்று செல்வி மெல்லத் தேறினாள். மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்று, அவளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் நாங்கள் விழித்துக்கொண்டிருந்தோம். அவளே ஆரம்பித்தாள்.

“அண்ணாச்சி, அந்தக் கமலா நம்ம வேன்ல வந்திருந்தா செத்திருக்க மாட்டா, பாத்துக்கிடுங்க.”

வக்கீலண்ணன் வண்டியை எடுத்தார். அன்று அந்த மனுஷன் எங்கே கூட்டிப்போயிருந்தாலும் நாங்கள் போயிருப்போம்.