சாமி வண்டியில் இளஞ்செழியன் டப்பா

அன்புள்ள மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன் அவர்களுக்கு, ரெட்டியார்பாளையம் ராஜாங்கத்தின் வணக்கம். இங்கே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நீங்கலாக மற்றதெல்லாம் சௌக்கியம். தங்கை மாலாவும் நீங்களும் விழுப்புரத்தில் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பொழுதுபோக்காக லைசென்ஸ் வாங்கி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தேனே, அந்த ஹாம் ரேடியோ செட்டை நீங்களே வந்து எடுத்துக்கொண்டு போய் உங்கள் பரணில் போடுங்கள். அது இருக்கும் வீட்டில் இனி எனக்குச் சோறு இறங்காது. காரணம், எங்கள் ஹாம் சங்கத்து உழவர்கரை இளஞ்செழியன்.

மாசி மகத்துக்குத் தவளக்குப்பம் பக்கமிருந்து வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகும் சாமி வண்டி எங்கே வருகிறது என்று வரைபடத்தில் காட்ட, எங்கள் ஹாம் சங்கம் அதில் ஒரு ஜிபிஎஸ் டிராக்கர் பொருத்த முடிவு செய்தது. அதற்கு நானும் ஒரு டப்பா செய்தேன், அவனும் செய்தான். ஒத்திகையில் என்னுடையது ஊமையாகிவிட்டது, அவனுடையது வண்டியேறிவிட்டது. சரி போகட்டும் என்றால், வீட்டில் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டே ரேடியோ வழியாக அதற்கு எழுத்தில் கட்டளை அனுப்புகிறான்: 'அரை நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தைச் சொல்.' ஊர் தாண்டி நிற்கும் டப்பா 'சரி' என்று பதில் போடுகிறது! நான் சொன்னால் பக்கத்து அறையிலிருக்கும் என் மனைவி அஞ்சலாட்சிகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளோ, "அந்தத் தம்பிக்கு என்னா மூள பாத்தீங்களா" என்று என்னிடமே கேட்கிறாள். வயிறு எரிந்தது மாப்பிள்ளை, ஒளிப்பானேன்.

ஹாம் அலைவரிசையில் ரகசியம் பேசச் சட்டத்தில் இடமில்லை. அவன் டப்பாவைத் திறக்கும் கடவுச்சொல் எல்லார் ரேடியோவிலும் விழும், என்னுடையதிலும் விழுந்தது. மகத்தன்று காலை வண்டி புறப்பட்டதும், 'மணிக்கு ஒருமுறை சொன்னால் போதும்' என்று ஒரு கட்டளை தட்டிவிட்டேன். டப்பா அடங்கிவிட்டது. ஆனால் பாருங்கள், கால்சைன், அதாவது லைசென்ஸில் கொடுத்த ரேடியோப் பெயர், அதைச் சொல்லாமல் எனக்கு ரேடியோவில் தும்மக்கூட வராது, அப்படிப் பழக்கம். கட்டளையின் தலையிலேயே என் கால்சைனையும் போட்டு அனுப்பியிருக்கிறேன். திருடப் போன வீட்டில் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டு வந்த மாதிரி. டப்பாவும் மரியாதையாக என் பெயருக்கே 'சரி' என்று பதில் போட, அது சங்கத்தில் அத்தனை பேர் திரையிலும் வந்துவிட்டது.

உடனே இளஞ்செழியன் ஃபோன் செய்தான். "அண்ணே, பேட்டரி எறங்கிக்கினே இருந்திச்சி. நல்ல நேரத்துல காப்பாத்தினீங்க" என்றான். இப்போது சங்கமே என்னைப் பாராட்டுகிறது. எனக்குத் தெரியாதா, பேட்டரி புதுசு! எல்லாம் தெரிந்தும் என் மானத்தைக் காப்பாற்றுகிறான். மூளைதான் அவனுக்கு என்றால் பெருந்தன்மையும் அவனுக்கேவா? இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. சம்பந்தி வீட்டுப் பெரியவர்களுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு, மனம் நொந்த
ராஜாங்கம்

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் இளஞ்செழியனே வந்தான். கண் கலங்கி, "ஒத்திகைல உங்க டப்பாவ ஊமையாக்கினது நான்தாண்ணே. மத்தவங்களுக்கு விழக்கூடாதுன்னு உங்க தெருமுனைல நின்னு சின்ன கை செட்டுல கட்டள போட்டேன். நீங்க எங்க ஜெயிச்சிடுவீங்களோன்னு பொறாம. கால்சைன் போட்டுத்தாண்ணே அனுப்பினேன். அத பாத்துட்டுத்தான் நீங்களும் பதிலுக்குச் செஞ்சீங்கன்னு நெனச்சி, பேட்டரின்னு புளுகிட்டேன்" என்றான். அன்று பதற்றத்தில் நான் திரையையே பார்க்கவில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை. என்மேல் பொறாமை, மாப்பிள்ளை! இளஞ்செழியனுக்கு! இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பிறகு அஞ்சலாட்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.