எட்டுப் பேரையும் காப்பாற்றிய கர்னல்

துப்பாக்கியைத் தொடாமலே ஒரு போரை நடத்திய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் முட்டை லாரி டிரைவர். வாலிபத்தில் பட்டாளத்துக்குப் போனவரை மார்பளவு பத்தாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதற்காக அவர் விறைப்பைக் குறைத்துக்கொள்ளவில்லை. லாரிக்கு டீசல் ஊற்றும்போதுகூட அட்டென்ஷனில்தான் நிற்பார். நாங்களே அவருக்குக் கர்னல் பதவி கொடுத்துவிட்டோம்.

நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் எனக்கு முட்டை பிரிக்கிற வேலை. கீறல் விட்டது, பொடிசு, அழுக்கு எல்லாவற்றையும் ஒதுக்கி, நல்லதைத் தட்டில் அடுக்க வேண்டும். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கும். கேரளாவுக்கு லோடு ஏறும்வரை கர்னலும் சும்மா இருப்பார். அப்படித்தான் ஒரு புத்தகம் எங்கள் முட்டை ரூமுக்குள் வந்தது. பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் வாங்கினாராம். வெளிநாட்டுக் கமாண்டோ ஒருவன், தானும் கூட்டாளிகள் ஏழு பேரும் ஏதோ மலைநாட்டில் சண்டை போட்டதை எழுதியது. யாரோ தமிழில் போட்டிருந்தார்கள்.

கர்னல் அதை எங்களுக்குச் சும்மா படித்துக் காட்ட மாட்டார், நடத்திக் காட்டுவார். முதல் நாள் குண்டு வெடித்தபோது தகரக் கதவில் ஓங்கி ஒரு அறை விட்டார். மூன்று தட்டு முட்டை தரையில். பி.ஏ. படித்த எங்கள் சூப்பர்வைசர் அன்றே ஒரு சட்டம் போட்டார்: கடைசித் தட்டு அடுக்கி முடியும்வரை சண்டை கூடாது. அதற்குப் பிறகு அந்தக் கமாண்டோக்கள் குறிவைத்த துப்பாக்கியோடு பாறை மறைவில் எங்களுக்காகக் காத்துக் கிடந்தார்கள். நாங்கள் கையைக் கழுவிய பிறகுதான் சுடுவார்கள்.

இருட்டில் பார்க்கிற கண்ணாடி ஒன்று அவர்களிடம் இருந்ததாம். அது மாதிரி ஒன்று சூப்பர்வைசருக்கு வாங்கிக் கொடுத்தால் கீறல் முட்டையாவது கண்ணுக்குத் தெரியும் என்றோம். அடிபட்ட ஒருவனுக்கு அவன் அம்மா ஆஸ்பத்திரியில், இடியாப்பம் மாதிரி நாங்கள் பிழிகிற சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தாள் என்று கர்னல் ஒரு நாள் படித்தார். வெளிநாட்டுக்காரி சந்தகை பிழிவாளா என்று கேட்டேன். மனிதர் அசரவில்லை. "அவிய ஊர்ல அதுக்கு மிசினு இருக்குதுங்கக்கா" என்றார்.

எங்களோடு முட்டை பிரிக்கிற பாவாயிக்கு ஒரே மகன், பட்டாளத்தில் இருந்தான். புருசன் இல்லாதவள். மகன் ஞாயிறு தவறாமல் போன் செய்வான். மலை மேலே போகிறேன் என்று சொன்னவன், மூன்று ஞாயிறாகப் பேசவில்லை. அவள் மடியில் போன், கையில் முட்டை, காது கர்னலிடம். எங்களுக்கு அது கதை. அவளுக்கு அப்படியில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு படிப்பேன், பத்திரிகை மேலே போட்டிருக்கிற பெரிய எழுத்தைப் படிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு நாள் கர்னல் டீ குடிக்கப் போன நேரம், அந்தப் புத்தகத்தை எடுத்தேன். சந்தகை எங்கே போட்டிருக்கிறது பார்ப்போம் என்று மடித்து வைத்திருந்த பக்கத்தில் விரல் வைத்தேன். எழுத்துக் கூட்டி ஒரு வரி படிக்கவே வெகுநேரம் ஆயிற்று. 'அவன் என் மடியிலேயே உயிரைவிட்டான்' என்றிருந்தது.

படிக்காதவளுக என்றுதானே இத்தனை நாளும் ஏய்த்தார் என்று எனக்குக் கோபம். நேரே லாரிக்குப் போனேன். "ஏனுங்க கர்னலு, செத்தவனுக்கு எப்படிங்க சந்தகை ஊட்டுனீங்க?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். முட்டை ரூம் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "எட்டுல அஞ்சு பேரு போயிட்டாங்கக்கா. பாவாயி கேட்டுட்டு இருக்குதுங்களே, எப்படிங்க சாகடிக்கறது? நாந்தான் உசுரோட வெச்சுட்டு இருக்கறனுங்க."

நான் திரும்பி வந்து முட்டை பிரிக்க உட்கார்ந்தேன்.

அடுத்த நாள் லாரி வரவில்லை, பாலக்காட்டில் ரிப்பேர். புத்தகமோ முட்டைத் தட்டின் மேல் கிடந்தது. நாலே பக்கம்தான் மிச்சம். அதை நான் முடித்துவிடுகிறேன் என்று சூப்பர்வைசர் கையை நீட்டினார். படித்த மனுசன், உள்ளதை உள்ளபடி படித்துவிடுவார். பாவாயி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுங்க, நாம் படிக்கறேன்" என்று பிடுங்கினேன். ரூமே சிரித்தது. விரல் வைத்து முதல் வரியை நிசமாகவே படித்தேன். இரண்டாவது வரியில் ஐந்து சவப்பெட்டி வந்தது. அதற்குமேல் நான் எழுத்தைப் பார்க்கவில்லை. எட்டுப் பேரையும் ஏரோப்பிளேனில் ஏற்றினேன், இறக்கினேன், ஊட்டுக்கு ஊடு கொண்டுபோய்விட்டேன். படபடப்பில் ஒருவனைப் பரமத்தி வேலூர் பஸ் ஏற்றிவிட்டேன் போலிருக்கிறது. சூப்பர்வைசர் என் தோளுக்கு மேலே எட்டிப் பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் பாவாயியைப் பார்த்தார். "சரியாத்தான் படிக்கறீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பாவாயி மகன் அடுத்த வாரம் பேசினான். மேலே டவர் இல்லையாம். அவள் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தக் கதைல செத்தாங்கன்னு எனக்கு மொதல்லயே தெரியுமுங்க. பொய் சொல்றப்ப கர்னலுக்குக் கண்ணு புத்தகத்துல இருக்காது."

"தெரிஞ்சுமா தெனமும் கேட்ட?"

"எம்பட பையனுக்காக ஒரு மனுசன் இத்தன மெனக்கெடறாரேன்னு கேட்டனுங்க."

இதைக் கர்னலிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அந்த ஐந்து பேருக்கும் தான் ஒருவர்தான் காவல் என்று நினைத்துக்கொண்டு, இப்போதும் விறைப்பாக நிற்கிறார். நிற்கட்டும், சாமி.