தோலுரி சாரின் கட்டிலில் உட்கார்ந்தவர்கள்

மயிலாப்பூரில் ஒரு பயங்கரத் திருட்டுக் கும்பல் இருக்கிறது, அதன் தலைவர் எங்கள் மாடியில் ஏழாம் நம்பர் அறையில் குடியிருக்கிறார், எனக்கே தெரியாமல் நான் அதில் மூத்த உறுப்பினராகிவிட்டேன் என்று எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்று நாள் நான் மனதார நம்பினேன். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டேன் என்பது வேறு விஷயம்.

தலைவரின் பெயர் தோலுரி சார். நிஜப் பெயர் எதுவோ. தபால்காரர்கூட வாசலில் நின்று, "தோலுரி சார் இருக்காரா?" என்றுதான் கேட்பார். அவர் தோலுரித்தது மனிதர்களை அல்ல, எலெக்ட்ரிக் ஒயரை. சென்னைப் பட்டணத்தில் இரண்டு கையும் சும்மா இருக்கிற ஆளைக் கண்டால் பொறுக்க முடியாமல் தவித்த ஒரே மனிதர் அவர்தான் என்று நான் எந்தக் கோர்ட்டிலும் சாட்சி சொல்வேன்.

தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே வீட்டுக்கார மாமாவும் மாமியும். மேலே எட்டு அறைகளில் எட்டு பிரம்மச்சாரிகள். தோலுரி சாருக்கு நாற்பது வயதிருக்கும். மற்ற எல்லோரும் இருபதுகளில் இருந்தோம். அவர் ஏதோ எலெக்ட்ரிக் வேலைக்குப் போகிறார் என்பது மட்டும் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்குத் தோளில் ஒரு சுருள் பழைய ஒயரை மாட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைவார். தூரத்திலிருந்து பார்த்தால் மாலை போட்ட மாப்பிள்ளை. பக்கத்தில் வந்தால் கரப்பான் பூச்சி வாசனை.

அவர் அறைக்குப் போனால் கட்டிலில் உட்காரச் சொல்வார். மற்ற இடங்களில் காப்பி வருகிற மாதிரி, உட்கார்ந்ததும் கைக்கு நாலு முழம் ஒயரும் பாதியாக உடைத்த பிளேடும் வந்துவிடும். ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்ட வேண்டும். மறு நுனியைக் கால் கட்டைவிரலில் சுற்ற வேண்டும். நடுவில் பிளேடால் ஒரு கோடு இழுத்துப் பிரித்தால் மேலே சுற்றியிருக்கும் நூலும் ரப்பரும் வந்துவிடும், உள்ளே கம்பி. பேசிக்கொண்டே உரிக்கலாம், உரித்துக்கொண்டே பேசலாம். உரிக்காமல் பேசக் கூடாது.

முதல் நாள் நான் உரித்த கம்பி வெள்ளையாக இருந்தது. எனக்கு அறிவு பொங்கியது.

"சார், உங்களை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க. இது அலுமினியம்."

அவர் கம்பியை வாங்கிப் பிளேடு முனையால் ஒரு சுரண்டு சுரண்டினார். வெள்ளைக்கு அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது.

"செம்புதான் வாசு. ரப்பர் அரிச்சிடக் கூடாதுன்னு மேல வெள்ளீயம் பூசியிருக்கான். பழைய ஒயரெல்லாம் இப்படித்தான்."

அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதை நான்தான் கண்டுபிடித்தது போல விளக்க ஆரம்பித்தேன்.

அவர் அதிகம் பேச மாட்டார். "ம்" என்பார். கொஞ்சம் கழித்து "அப்புறம்?" என்பார். அந்த 'அப்புறம்' இருக்கிறதே, அதற்கு மயங்கி நான் ஒரே சாயங்காலத்தில் என் பிறப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை சொல்லி முடித்திருக்கிறேன். பக்கத்து அறைச் சீனு பாங்கில் குமாஸ்தா. தன் மேனேஜரைத் திட்டித் திட்டியே ஒரு தெருவுக்கு லைட் போடும் அளவுக்கு ஒயர் உரித்திருக்கிறான்.

எங்களுக்குள் ஒரு முணுமுணுப்பு உண்டு. கம்பியை விற்பது அவர், கட்டைவிரல் வீங்குவது நமக்கு. பிளேடு கீறி என் விரல்களில் ரேகையே மாறிவிட்டது. ஒரு நாள் நான் விஞ்ஞானபூர்வமாக ஒரு யோசனை சொன்னேன்.

"சார், சைதாப்பேட்டைல எல்லாம் மொத்தமாப் போட்டுக் கொளுத்திடறாங்களாம். ரப்பர் எரிஞ்சு போயிடும், கம்பி மட்டும் நிக்கும். பத்தே நிமிஷம்."

"கொளுத்தினா செம்பு கறுத்துடும். நல்ல ரேட்டு கிடைக்காது," என்றார். பிறகு மெதுவாக, "அதோட, பத்து நிமிஷத்துல முடிஞ்சும் போயிடும்," என்றார்.

இரண்டாவது காரணம் எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரியாத காரணங்களை நான் அந்த வயதில் மதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் எங்கோ போய்விடுவார். அப்படி ஒரு ஞாயிறன்று நானும் சீனுவும் ஒரு சுருளை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தோம். எழுந்த புகையில் கபாலி கோபுரமே இருமியிருக்கும். கரி மழை போலக் கொட்டியது. மாடியின் மறு பாதியில் மாமி வடாம் பிழிந்து காயவைத்திருந்தது எங்கள் விஞ்ஞானத்தில் விட்டுப்போயிருந்தது.

மாமி மேலே வந்து பார்த்தாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏன்டா வாசு, வெள்ளையா இருக்குன்னு மையிட்டு விட்டேளா?"

அந்த நேரம் பார்த்துத் தோலுரி சார் படியேறி வந்தார். எங்களைப் பார்த்தார், கரியைப் பார்த்தார். "என்னோட ஒயர்தான் மாமி. தப்பு என்னுது," என்றார். அத்தனை வடாத்தையும் தானே எடுத்துக்கொண்டார். அடுத்த ஒரு மாதம் அவர் அறையில் ஒயருடன் கறுப்பு வடாமும் பொரித்துக் கொடுக்கப்பட்டது. எனக்கும் சீனுவுக்கும் மட்டும் இன்னும் ஒரு கை கூடுதலாக வைப்பார்.

இப்படி இருக்கையில்தான் எனக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. கிடைத்தது என்றால், கிடைக்க இருந்தது. நடத்தை பற்றிப் போலீஸ் விசாரணை நடக்கும், அதில் குறை இல்லை என்றால் ஆர்டர் வரும் என்று கடிதம். அப்பா ஊரில் அரைத் தெருவுக்குச் சொல்லிவிட்டார். மீதி அரைத் தெருவுக்கு அம்மா சொல்லிவிட்டாள். இனி வேலை இல்லை என்று ஊர்ப் பக்கம் போக வழியே கிடையாது.

அந்த வாரம் டீக்கடையில் பேப்பரைப் புரட்டினேன். டெலிபோன் ஒயரை வெட்டி விற்ற கும்பல் ஒன்று பிடிபட்டதாம். தலைவன் தலைமறைவாம். என் கண் முன்னால் ஒரு சுருள் ஒயர் தோளில் தொங்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தது. டீ கையிலேயே ஆறிப்போனது.

ஓடிவந்தேன். தோலுரி சார் வேலைக்குப் போயிருந்தார். அறையைப் பூட்டும் வழக்கம் அவருக்குக் கிடையாது. கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். ஒரு சாக்கு மூட்டை. அவிழ்த்தால், உள்ளே உரித்த கம்பி சின்னச் சின்னச் சுருள்களாக, ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத் துண்டு கட்டியிருந்தது. காகிதத்தில் அவருடைய குண்டு எழுத்து.

'சீனு. மேனேஜர் இவன் நாற்காலியை எடுத்துக்கொண்டார்.'

'வாசு. மூன்று மாதமாக அப்பாவுக்குக் கடிதம் போடவில்லை.'

'வாசு. இன்டர்வியூவில் டைப் அடிக்கத் தெரியும் என்று புளுகியிருக்கிறான்.'

திருட்டுச் சரக்கு, அதில் என் பெயர், அதோடு என் ஒப்புதல் வாக்குமூலம். போலீஸுக்கு வேலையே வைக்கவில்லை. அவரிடமே கேட்டிருக்கலாம். கும்பல் தலைவரிடம் யார் போய்க் கேட்பது?

இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள், அவர் கிளம்பிப் போனதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சைதாப்பேட்டை பஸ் ஏறினேன். பாலத்திலிருந்து அடையாற்றில் போட்டுவிடுவது என்று திட்டம். கண்டக்டர் மூட்டையைக் காட்டி என்னவென்று கேட்டார். புளி என்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"இன்னா புளி சார் இது, காலைக் குத்துது?"

"பழைய புளி," என்றேன்.

பாலத்தின் நடுவில் நின்று மூட்டையைக் கைப்பிடிச் சுவர் மேல் தூக்கி வைத்தேன். கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "யோவ், கீழ ஆளுங்க கீறோம் பாரு," என்றார். திருட்டு வழக்கோடு கொலை வழக்கும் சேர்ந்துவிடும் போலிருந்தது. மூட்டையோடு ஓடி, முதலில் கண்ணில் பட்ட சந்துக்குள் புகுந்தேன். அங்கே ஒரு காயலான் கடை. பழைய இரும்பு, பித்தளைக்கு நடுவில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தூக்கிப் போடுவதைவிட விற்றுத் தொலைப்பது மேல் என்று அவர் முன்னால் மூட்டையைக் கவிழ்த்தேன்.

அவர் ஒரு சுருளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு நைனா இத உரிச்சது? எலி கடிச்சா மாரி கீது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மயிலாப்பூர் தோலுரி சார் சரக்கு என்றேன். அவர் சிரித்தார்.

"அவரு சரக்கு எனுக்குத் தெரியாதா? அவரு வேல செய்ற காண்ட்ராக்டரு பழைய வூட்டுல கழட்ற ஒயரெல்லாம் லெட்டரோட நேரா இங்கதான் வருது. ஞாயித்துக்கெயம காலீல வந்து குந்துவாரு. ஒரு மணி நேரத்துல அம்மாத்தையும் உரிச்சிப் போட்டுட்டு எய்ந்து பூடுவாரு. கண்ணாடி மாரி இருக்கும். நீ இன்னாமோ ரப்பரோட எடுத்தாந்து கீற."

"தினமும் ரூமுக்கு ஒரு சுருள் கொண்டுவராரே?"

"அது இன்னாத்துக்கோ. நான் கேட்டதில்ல."

லெட்டரோடு வருகிறது என்ற ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. திருட்டு இல்லை, எனவே ஜெயில் இல்லை. மூட்டையை வாரிக் கட்டிக்கொண்டு திரும்பும்போது கண்டக்டருக்குப் பயப்படாமல் உண்மையையே சொன்னேன். அவர் நம்பவில்லை.

மாடியேறினால், ஏழாம் நம்பர் அறையில் வெளிச்சமும் பேச்சும். தோலுரி சார் சீக்கிரமே வந்திருந்தார். கட்டிலில் ஒரு போலீஸ்காரர். தொப்பி தலையணை மேல், ஒயரின் ஒரு நுனி ஜன்னல் கம்பியில், மறு நுனி அரசாங்கக் கட்டைவிரலில். மனைவி செங்கல்பட்டில் இருப்பதையும், மாற்றல் கேட்டுக் கேட்டு அலுத்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். தோலுரி சார் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார்.

"நீதான் வாசுவா? சார் நல்ல பையன்னு சொன்னாரு. டைப்பு அடிக்க வராதாமே. வேலைல சேர்றதுக்குள்ள கத்துக்கோ."

என் உயிர் சைதாப்பேட்டைக்கே திரும்பிப் போய்விட்டது. போலீஸ்காரர் என் விசாரணைக் காகிதத்தில் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே, "அதெல்லாம் எங்க கேஸ் இல்லப்பா," என்றார்.

அவர் போன பிறகு மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தோலுரி சார் அதைப் பார்த்தார்.

"ரொம்ப வெய்ட்டா?" என்றார், அவ்வளவுதான்.

"சார், நீங்க தனியா ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவீங்களாமே. எங்களை எதுக்கு சார் உரிக்கச் சொன்னீங்க?"

அவர் கீழே கிடந்த ரப்பர் தோலையெல்லாம் கூட்டிச் சேர்த்தார். "கை சும்மா இருந்தா நீங்கள்லாம் மணி பாக்கறீங்கப்பா," என்றார்.

ஆர்டர் வந்தது. வெளியூர்ப் போஸ்டிங். டைப்பும் ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன். இப்போது எனக்கு அவருடைய அந்த வயது தாண்டிவிட்டது. வீட்டுக்கு யாராவது வருகிறார்கள், காப்பி குடிக்கிறார்கள், கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எழுந்திருக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறதே தவிர, கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. 'அப்புறம்?' என்று கேட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான் என்கிறார்கள்.

வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தபோது நேரே அந்தச் சந்துக்குத்தான் போனேன். தோலுரி சார் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். எங்கே என்று மாமிக்குத் தெரியவில்லை. கிளம்பின அன்று நடந்ததை மட்டும் சொன்னாள். ரிக்‌ஷாவில் டிரங்குப் பெட்டியும் சாக்கு மூட்டையும் சேர்த்து ஏற்ற முடியாது, ஒன்றுதான் என்று ரிக்‌ஷாக்காரர் சொல்லிவிட்டாராம். தோலுரி சார் பெட்டியை மாமியிடம் விட்டுவிட்டு, மூட்டையை ஏற்றிக்கொண்டு போனார்.