குர்த்திக்குள் ஒரு போர்க்கவசம்

பெண் பார்க்க ஆள் வரும் நாளில் எதையும் மறைக்காத வீடு தமிழ்நாட்டில் கிடையாது. சிலர் சுவரில் ஓதம் அடித்த இடத்தில் காலண்டரை மாட்டுவார்கள். சிலர் குடித்துவிட்டு வரும் சித்தப்பாவைக் காலையிலேயே செங்கல்பட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாம்பரத்தில் எங்கள் வீட்டில் அன்று மறைக்க வேண்டியிருந்தது ஒரு போர்க்கவசம். அசல் எருமைத்தோல். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கலாம்தான். ஆனால் அதற்குள் நான் இருந்தேன்.

அப்போது எனக்குப் பெருங்குடியில் வேலை. வாரம் முழுக்க எக்செல் ஷீட்டோடு குடித்தனம் நடத்துவேன். சனி, ஞாயிறு வந்தால் நான் வேறு ஆள். கற்பனை ராஜ்யங்களின் வீரர்கள் போலக் கவசம், கையுறை, வாள் உறை எல்லாம் தோலில் செய்து போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று சென்னையில் உண்டு. அதில் நானும் ஒருத்தி. ('இதுக்குப் பதிலா டெய்லரிங் கத்துக்கிட்டா பிளவுஸாவது தைக்கலாம்' என்பது அம்மாவின் நிலைப்பாடு.) காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் அப்படியொரு வேடப்போட்டி அறிவித்திருந்தார்கள். வெளியாட்களும் கலந்துகொள்ளலாம். நான் யாளிப்படைத் தளபதியாகப் போவதென்று முடிவு செய்தேன். அப்படி ஒரு படை எந்தச் சரித்திரத்திலும் கிடையாது. அதனால் தப்பு கண்டுபிடிக்க ஆளும் கிடையாது.

தோல் வாங்கப் பம்மலுக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாமா, பேக்குக்கா, செருப்புக்கா?"

"கவசத்துக்கு அண்ணா. மார்க்கவசம்."

"யார்கூடமா சண்டை?" என்றார். பிறகு தடிமனான எருமைத்தோல் ஒன்றை உருட்டி எடுத்துப் போட்டார். "இது கீது பாரு, துப்பாக்கில சுட்டாலும் குண்டு யோசிச்சுதான் உள்ள போவும்."

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது பக்கத்திலிருந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். நானோ வெற்றிவாகை சூடியவள் போல உட்கார்ந்திருந்தேன்.

இனி செய்முறை. மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலை நனைத்தால் மாவு மாதிரி இளகும். அதை ஒரு பொம்மை மேல் போர்த்தி, இழுத்துக் கட்டிக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். வெந்நீரில் நனைத்தால் இன்னும் இறுகும். வீடியோவில் பார்த்தபோது குழந்தை விளையாட்டு போலத்தான் இருந்தது. எனக்கிருந்த ஒரே குறை, பொம்மை. மார்க்கெட் பக்கம் ஒரு ரெடிமேட் கடையில் சுடிதார் போட்டு நிற்கும் பொம்மையை ரெண்டு நாள் கடன் கேட்டேன். கடைக்காரர் போலீஸைக் கூப்பிடாதது அவருடைய பெருந்தன்மை.

"எதுக்குக்கா பொம்மை? நீயே நின்னுடு. உன் சைஸுக்குத்தானே வேணும்?" என்றாள் தங்கை கெசியா.

எனக்கு அது மகத்தான யோசனையாகப் பட்டது. அந்த ஒரு நொடிக்காக அவளை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. (அவளும் கேட்கவில்லை.)

போட்டி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் ஆல்வின் வீட்டார் என்னைப் பார்க்கப் பள்ளிக்கரணையிலிருந்து வருகிறார்கள். காலையில் கட்டினால் மதியத்துக்குள் காய்ந்துவிடும், கழற்றிக் குளித்துப் புடவை கட்டிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

ஆல்வினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டார் அனுமதியோடு நாங்கள் சில வாரங்களாகப் போனில் பேசிக்கொண்டிருந்தோம். நான் வாள் உறை செய்கிறேன் என்று சொன்னபோது "வாளும் செய்வீங்களா?" என்று ஆசையாகக் கேட்ட ஒரே மாப்பிள்ளை அவர்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. சிக்கல், அவருடைய அம்மா. கிரேஸ் டீச்சர், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி டீச்சர். கூன் போட்டு உட்கார்ந்ததற்காகவே ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொன்னவர் எனக் கேள்வி. அவர் தலையசைத்தால்தான் இந்தக் கல்யாணம்.

சனிக்கிழமை காலை மொட்டைமாடி. டீஷர்ட், அதன்மேல் சமையலறை பிளாஸ்டிக் சுற்றுத்தாள், அதன்மேல் வெந்நீரில் ஊறிய எருமைத்தோல். மார்பில் நான் ராப்பகலாகச் செதுக்கிய யாளி முகம். தோள்களிலும் வலப்பக்கத்திலும் ஏற்கெனவே ரிவெட் அடித்தாகிவிட்டது. இடப்பக்கத்துக்கு வாரும் பக்கிளும் பிறகு வைக்கலாமென்று, அப்போதைக்கு அதே தோலில் நறுக்கிய ஈர வாரைக் கோத்துக் கெசியா இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டாள். "இன்னும் டைட்டா, இன்னும் டைட்டா" என்று ஊக்கப்படுத்தியது வேறு யாருமில்லை.

சித்திரை வெயிலில் கைகளை விரித்துக்கொண்டு வடாம் மாதிரி காய்ந்தேன். ஒரு மணி நேரத்தில் தோல் இறுகியது. அடுத்த மணி நேரத்தில் இன்னும் இறுகியது. பக்கவாட்டு வாரும் சேர்ந்து சுருங்கி, முடிச்சுகள் ஒவ்வொன்றும் புளியங்கொட்டையாகிவிட்டன. விரலால் தட்டினேன். டொக் என்றது. ஆஹா, என்ன ஒரு கவசம் என்று பூரித்துக்கொண்டிருந்தபோதுதான் கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பெனி! அவங்க செம்பாக்கம் தாண்டிட்டாங்களாம்டி!"

சாயங்காலம் அவர்கள் சர்ச்சில் திடீரென்று ஏதோ கூட்டமாம். அதனால் மதியமே கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த பத்து நிமிடங்களை நினைத்தால் இப்போதும் விலா வலிக்கிறது. கெசியா முடிச்சை நகத்தால் நெம்பினாள். நகம் போயிற்று. கட்டர் பிளேடை எடுத்தாள். பிளேடு உடைந்தது. அப்பா கட்டிங் பிளேயரோடு வந்தார். அக்குளுக்குக் கீழே பிளேயரை நுழைத்ததும் எனக்குக் கூச்சம் தாங்காமல் நான் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"சிரிக்கிறா பாருங்க! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாசலுக்கு வந்துட்டாங்க, இவ சிரிக்கிறா!"

இஸ்திரி போட்டு வைத்திருந்த பட்டுப்புடவைக்கு அன்று விடுமுறை. எந்த பிளவுஸும் இந்தக் கோட்டைக்கு மேல் ஏறாது. பக்கத்து வீட்டு லில்லி அக்காவுக்கு அப்போது ஏழாவது மாதம். கெசியா ஓடிப்போய் அவருடைய தொளதொள குர்த்தி ஒன்றை வாங்கி வந்தாள். பெண் பார்க்கும் சடங்குக்குக் கர்ப்பிணி குர்த்தி போட்டு வந்த முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். மேலே துப்பட்டாவை அகலமாகப் பரப்பினோம். அழைப்பு மணி அடித்தது.

கூடத்துக்குள் நுழைந்தேன். கவசம் இடுப்புவரை இருந்ததால் குனிய முடியாது, வளைய முடியாது, திரும்ப வேண்டுமென்றால் மொத்தமாகத் திரும்ப வேண்டும். காபி தட்டை நீட்டிப் பிடித்தபடி நின்றேன். எல்லாரும் எழுந்து வந்து எடுத்துக்கொண்டார்கள். பிறகு சோபாவின் ஓரத்தில், பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும், கம்பம் போல அமர்ந்தேன். உள்ளே வியர்வை ஆறாக ஓடியது. எருமைத்தோல் மணம் மெல்ல எழும்ப, அப்பா ஒன்றும் தெரியாதவர்போல ஊதுவத்தி கொளுத்தினார். (எங்கள் வீட்டு வழக்கத்தில் ஊதுவத்தி கொளுத்துவது யாராவது செத்தால்தான்.)

கிரேஸ் டீச்சர் என்னை உற்றுப் பார்த்தார்.

"பாத்தியா ஆல்வின்?" என்றார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க போனப் பாத்துப் பாத்து கேள்விக்குறி மாதிரி வளைஞ்சு போச்சுங்க. இந்தப் பொண்ணு எப்படி உக்காந்திருக்கு பாரு. முதுகு ஸ்கேல் வெச்ச மாதிரி!"

ஆல்வின் என் குர்த்தியின் தொளதொளக் கைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த தோல் வாரின் நுனியைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்குக் காபி புரையேறியது. எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. "அம்மா, கூட்டத்துக்கு நேரமாச்சு, கிளம்பலாமா?" என்று அவர் கேட்டபோது, இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மனதுக்குள் உறுதியாகச் சொல்லிக்கொண்டேன்.

"இரு, ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பலாம்" என்றார் டீச்சர். எல்லாரும் முழங்காலில் நின்றார்கள்.

முழங்காலில் நிற்பது கவசத்துக்குள் சாத்தியம்தான். தலையைக் குனிந்தால் மட்டும் அதன் கழுத்து விளிம்பு தாடையில் இடிக்கும். நான் மேலே பார்த்துக்கொண்டு ஜெபித்தேன். பார்ப்பவர்களுக்குப் பரலோகம் தெரிகிற பக்தையாகத் தோன்றியிருக்கும். ஜெபத்தை நடத்திய அப்பாவோ பதற்றத்தில் எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் இரு குடும்பம், சபை, தாம்பரம் மாநகராட்சி, மழை, விளைச்சல், தேசத் தலைவர்கள் என்று போய்க்கொண்டே இருந்தார். எனக்குக் கால் மரத்துப்போயிற்று. ஆமென் சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தேன். உடம்பு எழவில்லை. முன்பக்கமாகச் சாய்ந்தது. பிடித்துக்கொள்ள வளைய முடியாமல், பீரோ விழுகிற மாதிரி முழுசாக டீப்பாய் மேல் விழுந்தேன். மிக்சர் தட்டு பறந்தது.

"ஐயோ, என்னம்மா ஆச்சு!" என்று ஓடிவந்த டீச்சர், ஆறுதலாக என் முதுகில் தட்டினார்.

டொக்.

அவர் கை நின்றது. மறுபடி, இம்முறை கதவைத் தட்டுவதுபோல விரலை மடக்கித் தட்டினார். டொக், டொக்.

டீச்சரின் முகம் மாறிவிட்டது. "பொண்ணுக்கு முதுகுல ஏதோ பிரச்சனை இருக்கு" என்றார் அம்மாவைப் பார்த்து, மெதுவாக. "பெல்ட் போட்டு உக்கார வெச்சிருக்கீங்க. மறைச்சுட்டீங்க, இல்ல?"

அம்மா வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று மறைத்ததாகப் பேச்சு கிளம்பினால், இந்த வரன் மட்டுமில்லை, தாம்பரத்திலிருந்து தாம்பரம் சானடோரியம்வரை ஒரு வரனும் வராது. அதைவிட, ஆல்வின் எழுந்து போய்விடுவாரே என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. (கவசம் ஏற்கெனவே பாதி அடைத்திருந்தது.)

"ஆன்ட்டி," என்றேன் டீப்பாய் மேல் கிடந்தபடியே. "என்னைத் தூக்கி விடுங்க. ரூமுக்கு வாங்க. காட்டறேன்."

அறைக்குள் போய்க் குர்த்தியைத் தூக்கினேன். யாளி டீச்சரைப் பார்த்து முறைத்தது. டீச்சர் ஒரு அடி பின்வாங்கி, "இயேசுவே!" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். போட்டி, பொம்மை கிடைக்காதது, வெந்நீர், முடிச்சு. "முதுகு நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. புத்திதான் கொஞ்சம்..." என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

டீச்சர் யாளியின் கோரைப்பல்லை விரலால் தடவிப் பார்த்தார். "இத நீயே செதுக்குனியா?"

"ஆமா ஆன்ட்டி."

அவர் கதவைத் தாழ் போட்டார். பிறகு முந்தானையைக் கொஞ்சம் விலக்கித் தன் இடுப்பைக் காட்டினார். புடவைக்குள்ளே அகலமான, வெளுத்துப்போன ஒரு மெடிக்கல் பெல்ட்.

"எனக்கு ரெண்டு டிஸ்க் போச்சு. ரிடையர் ஆனதுலேர்ந்து இதுதான். இதக் கட்டிக்கிட்டுத்தான் போற வீட்டுலல்லாம் நிமிர்ந்து உக்காந்து, பொண்ணுங்கள கூன், கூன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. அடக்க அடக்கப் பொங்கிக்கொண்டு வந்த சிரிப்பு. கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாம ரெண்டு பேரும் எதிரெதிர உக்காந்து, யார் நிமிர்ந்து உக்கார்றாங்கன்னு..."

மேலே பேச முடியவில்லை அவரால். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கவசத்துக்குள் சிரிக்க இடமில்லை.

"சரி, நனைச்சுத்தானே கட்டுன? அப்ப நனைச்சுத்தான் அவுக்கணும்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும், எனக்கும் சேர்த்து, அதுவரை தோன்றாத யோசனை. என்னைக் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், புடவையைத் தூக்கிச் செருகி, பக்கெட்டிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினார். தோல் மெல்ல இளகியது. ஒரு ஹேர்பின்னை வைத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வெளியே இரு குடும்பத்தாரும் தண்ணீர் விழும் சத்தத்தையும் எங்கள் சிரிப்பையும் கேட்டபடி, கீழே சிதறிய மிக்சரைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்களாம்.

தலை முதல் கால்வரை நனைந்து வெளியே வந்த டீச்சர் ஆல்வினிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பேசிடலாம்."

மறுநாள் போட்டிக்கும் போனேன். தண்ணீரில் ஊறிய யாளியின் முகம் தொங்கிப்போய்விட்டிருந்தது. நடுவர், "இந்த ஆட்டுக்குட்டிக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. கைதட்டிய ஒரே ஆள், பள்ளிக்கரணையிலிருந்து பைக்கில் வந்து கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைக் குளிப்பாட்டிவிட்டு வந்த மாமியார் என்று கிரேஸ் டீச்சருக்குச் சொந்தத்தில் பெயர். கல்யாண ரிசப்ஷனில் மேடையேறி என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவர், முதலில் விரலை மடக்கி என் முதுகில் இரண்டு முறை தட்டினார். சத்தம் வரவில்லை. "சரி, இன்னைக்குப் பொண்ணு மட்டும்தான் வந்திருக்கு" என்றார் மைக் பக்கத்தில் இருப்பது தெரியாமல். மண்டபமே சிரித்தது.

இன்றைக்கும் பள்ளிக்கரணை வீட்டுக்குப் போனால், கதவை நான் தட்டுவேன், உள்ளே விடுமுன் முதுகை அவர் தட்டுவார். பதிலுக்கு நானும் அவர் முதுகைத் தட்டுவேன். அங்கே கட்டாயம் டொக் என்று கேட்கும். அந்தப் பழைய மெடிக்கல் பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, டாக்டரிடம் அளவு கேட்டு அவருக்கு நானே ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். பம்மல் எருமைத்தோல். நடுவில் சின்னதாக ஒரு யாளி. இந்த முறை பக்கிள் வைத்திருக்கிறேன்.