மச்சினனுக்குப் போடாத ஓட்டு

செத்தாலும் ரோக்கோவுக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்று தொனாத்தோ சபதம் போட்டபோது அவர் வாயில் பாதி ரொட்டி இருந்தது. அதனால் சபதம் சரியாக விளங்கவில்லை. விழுங்கிவிட்டு, எழுந்து நின்று, மறுபடி ஒரு தடவை போட்டார்.

மனைவி அசுந்தா மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குவளையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"செத்துப்போனா உங்ககிட்ட யாரும் ஓட்டுக் கேக்க மாட்டாங்க. உக்காருங்க. ஆறுறதுக்குள்ள குடிங்க."

அந்த வீட்டில் மாத்தே ஆறுவதற்கு முன்னால் அவர் வீரம் ஆறிவிடும். ஆனால் இந்தத் தடவை ஆறவில்லை. காரணம் இருந்தது.

தொனாத்தோ அர்ஜென்டினாவில், லானூஸ் ஊரில் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓட்டினாரே தவிர, ஓட்டுப் போட்டதில்லை. இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து சின்னப் பையனாகக் கப்பலில் வந்து இறங்கியவர், அர்ஜென்டினாக் குடியுரிமை வேண்டுமென்று யாரையும் கேட்கவே இல்லை. "நான் இத்தாலிக்காரன்" என்று மார்தட்டியே காலத்தை ஓட்டிவிட்டார். இங்கே ஓட்டு கிடையாது. அங்கே போய்ப் போடக் கைக்கெட்டாது. இப்போது சட்டம் மாறிவிட்டது. தென்னமெரிக்காவில் இருக்கிற இத்தாலிக்காரர்கள் தங்களில் ஒருவரை ரோமாபுரி நாடாளுமன்றத்துக்கு அனுப்பலாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே தபாலில் ஓட்டுப் போடலாம் என்று வந்தது. தூதரகத்திலிருந்து ஆளுக்கொரு தடித்த உறையும் வந்தது. மனுஷனுக்கு முதல் ஓட்டு. ஆசையாகப் பிரித்துப் பார்த்தால், நிற்கிறவர்கள் வரிசையில் மச்சினன் ரோக்கோ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

மச்சினன் மேல் அப்படி என்ன கோபம்? சொத்துத் தகராறா, அடிதடியா? அதெல்லாம் இல்லை. அதைவிடப் பெரியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொனாத்தோ விடிந்ததிலிருந்து புகையில் நின்று, கண்ணெரிய, மாட்டு விலாவைக் கரி நெருப்பில் சுட்டார். சொந்தபந்தமெல்லாம் மேசையில் உட்கார்ந்தது. வழக்கம்போல ஒருவர், "சுட்டவருக்கு எல்லாரும் கைதட்டுங்கப்பா" என்றார். தொனாத்தோ கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள், கடைசி நேரத்தில் வந்து ஒரே ஒரு துண்டைத் திருப்பிப் போட்ட ரோக்கோ எழுந்து, நெஞ்சில் கை வைத்து, குனிந்து, அத்தனை கைதட்டையும் வாங்கிக்கொண்டான். இறைச்சியைச் சுட்டது இவர். கைதட்டைச் சுட்டது அவன்.

அன்றைக்கு ஏறிய புகை இன்னும் இவர் மண்டையிலிருந்து இறங்கவில்லை.

"அவன் என் தம்பிங்க," என்றாள் அசுந்தா.

"அது உன் தலையெழுத்து. என் ஓட்டு என்ன பாவம் பண்ணிச்சு?"

"வீட்டு ஓட்டே விழலைன்னா அவனுக்கு ஊர் ஓட்டு எப்படி விழும்?"

"ஓட்டு விழ வேணாம். அவன் விழட்டும்."

"அப்ப யாருக்குப் போடப்போறீங்க?"

"தம்புரீனிக்கு."

"அது யாரு?"

"பிரேசில்ல பல் டாக்டர். இதோ, இங்க பேரு போட்டிருக்கு."

"உங்களுக்குப் பழக்கமா?"

"பேரையே இன்னிக்குத்தான் கேள்விப்பட்டேன். தங்கமான மனுஷன்."

"முகமே தெரியாது, தங்கம்ங்கிறீங்க."

"உன் தம்பி முகம் நல்லாத் தெரியும். அதனாலதான் தெரியாதவன் தங்கமாத் தெரியறான்."

அசுந்தா குவளையைக் கீழே வைத்தாள். தொனாத்தோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கணக்குச் சொன்னார்.

"நீ ஒண்ணு அவனுக்குப் போடு. வேணாம்னு சொல்லலை. நான் ஒண்ணு எதிர்ல போடறேன். உன் ஓட்டை என் ஓட்டு ஓட்டையாக்கிடும். நம்ம வீட்டுலேருந்து உன் தம்பிக்குப் போறது முட்டை."

அசுந்தா பதில் பேசவில்லை. 'எங்க வீட்டு ஓட்டு உனக்குத்தான்டா' என்று தம்பிக்கு அவள் வாக்குக் கொடுத்து ஒரு மாசம் ஆகிறது. அது இவருக்குத் தெரியாது. எழுந்து போய் உருளைக்கிழங்கு வேகப்போட்டாள்.

அவள் கத்தினால் பயப்பட வேண்டியதில்லை. எஞ்சின் மாதிரிதான், சத்தம் வருகிற வரைக்கும் வண்டி நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால்தான் ஓரங்கட்டி இறங்கிப் பார்க்க வேண்டும். அத்தனை வருஷம் பஸ் ஓட்டியவர் இறங்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஓட்டுச் சீட்டை விரித்தார். பக்கத்துப் பையன் பார்த்து எழுதிவிடுவானோ என்று பயப்படுகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இடக்கையைச் சுற்றி வளைத்து அணை கட்டினார். அசுந்தா அதே மேசையின் மறுகோடியில் உருளைக்கிழங்கு மாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் எட்டிப் பாக்கலை," என்றாள்.

"பாத்தாலும் பயமில்லை."

கட்சிச் சின்னத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் தம்புரீனி என்று பேர். மடித்தார். சின்ன வெள்ளை உறைக்குள் போட்டார். அப்பாடா என்று சாய்ந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. உன் தம்பியும் முடிஞ்சான்."

"நல்லது. சாயங்காலம் ரோக்கோவுக்கு ஃபோன் பண்ணி, மச்சானும் உனக்குத்தான்டா போட்டாருன்னு சொல்லிடறேன். சந்தோஷப்படுவான்."

சாய்ந்தவர் நிமிர்ந்தார். "கூசாம பொய் சொல்லுவியா?"

"பொய்யின்னு யாருக்குத் தெரியும்? சீட்டுல உங்க பேரா இருக்கு? ரகசிய ஓட்டுங்க. அவன் ஜெயிச்சா ஓடி வந்து, மச்சான் ஓட்டுலதான் ஜெயிச்சேன்னு கட்டிப்பிடிச்சு ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுப்பான். தோத்தான்னா, மச்சானே போட்டும் தோத்துட்டேனேன்னு அழுவான். அதுவும் உங்க தோள்லதான்."

"நான் போடலைடான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்."

"மச்சானுக்குக் கூச்சம், வெளிய சொல்ல மாட்டாருன்னு நான் சொல்லுவேன். யாரை நம்புவான்?"

தொனாத்தோ வெள்ளை உறையையே பார்த்தார். எதிர்த்தது இவர். ஆனால் எதிர்த்தது ஒருத்தருக்கும் தெரியாது. மறுபடியும் புகை இவருக்கு, கும்பிடு அவனுக்கு.

அசுந்தா உருட்டியதைத் துண்டு துண்டாக நறுக்கினாள். "பாவம், நீங்களும் என்ன பண்ணுவீங்க. ஒளிச்சு வச்சுப் போடறதுக்கு எல்லாரும் வருவாங்க. பேரைச் சொல்லி எதிர்த்து நிக்க ஒரு நெஞ்சு வேணும். எங்கப்பாவுக்கு இருந்துச்சு. அவரோட போச்சு."

மாமனாரை இழுத்ததுதான் தாமதம். தொனாத்தோ ஒட்டாமல் கிடந்த உறையைத் திறந்தார். சீட்டை உருவினார். பேனாவை ஊன்றிக் குறுக்கே எழுதினார்: 'ரோக்கோவுக்கு எதிராக, முழு மனதோடு, தொனாத்தோ ஸ்கலீஸே, பஸ் ஓட்டுநர், லானூஸ்.' கீழே ஒரு கோடு. கோட்டுக்கும் கீழே கையெழுத்து. அதுவும் போதாமல் வெள்ளை உறையின் மேலும் ஒரு கையெழுத்து.

"இவ்வளவு பெரிசாவா?" என்றாள் அசுந்தா. "வேணாங்க. கொஞ்சம் யோசிங்க."

"இன்னும் பெரிசா எழுதியிருப்பேன். காகிதம் பத்தலை."

"சரி, வெள்ளை உறையைப் பெரிய உறையில வச்சு ஒட்டுங்க. கடைப்பக்கம் போறப்ப நான் தபால்ல சேத்துடறேன்."

"உன்கிட்ட குடுப்பேனா? வழியில கிழிச்சுப் போடுவ. நானே போறேன்."

"அப்ப என்னுதையும் எடுத்துட்டுப் போங்க."

தொனாத்தோ நியாயஸ்தர். ரோக்கோவுக்குப் போகிற ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டிப் போனார், போடவில்லை. இரண்டையும் தபால் ஆபீஸில் சேர்த்தார். திரும்பும்போது நெஞ்சு முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார்.

தெருமுனை வீட்டு கஸ்பாரே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவரும் கலாப்ரியாக்காரர்தான்.

"கஸ்பாரே, போட்டுட்டேன்."

"மச்சினனுக்குத்தானே அண்ணே?"

"அவனுக்கு எதிரா. பேர் எழுதி, ஊர் எழுதி, கையெழுத்துப் போட்டு."

கஸ்பாரே குழாயை மூடினார். "எதுல எழுதினீங்க?"

"சீட்டுலயே. உறையிலயும்."

"அண்ணே, அதுல யாருன்னு தெரியற மாதிரி ஒரு புள்ளி இருந்தாலே கழிச்சுடுவாங்களே. கூட வந்த தாள்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கே. நீங்க படிக்கலையா?"

"எங்க வீட்டுல படிக்கிறதெல்லாம் அவதான்," என்றார் தொனாத்தோ. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

பஸ் ஓட்டியவர் அன்றைக்குத் தபால் வேனின் பின்னால் ஓடினார். வேன் நிற்கவில்லை. வாழ்நாளெல்லாம் கை காட்டியவர்களை விட்டுவிட்டுப் போன பாவமோ என்னவோ.

வீட்டுக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. அசுந்தா தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சேதானே பண்ணின?"

"நான் என்னங்க பண்ணேன்? வேணாம், யோசிங்கன்னு சொன்னேனே."

"நீ வேணாம்னு சொன்னதாலதான் போட்டேன்."

"அதுக்குத்தான் சொன்னேன்."

தொனாத்தோ மேசையில் ஓங்கித் தட்டினார். முள்கரண்டிகள் குதித்தன. "இருக்கட்டும். எண்ணறவன் என் பேரைப் படிப்பானில்ல? லானூஸ்ல ஒரு பஸ் ஓட்டுநர் எவனுக்கும் பயப்படலைன்னு தெரிஞ்சுக்குவானில்ல? அது போதும்டி எனக்கு. என் ஓட்டு கடல் தாண்டி, ரோமாபுரி வரைக்கும் செல்லும்."

"செல்லும், செல்லும்," என்று அசுந்தா அவர் தட்டில் தாராளமாகப் பரிமாறினாள். "அங்க போய்ச் சேந்ததும்தான் செல்லாது."